காலண்டரில் இல்லாத காவல்காரர்

எங்கள் அண்ணியின் கண்ணில் மனிதர்கள் படுவதில்லை. நாத்தனார் குத்தலாக நான் இதைச் சொல்லவில்லை. சாட்சி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கண்ணாடியை மறந்துவிட்டுக் கேமராவோடு கடற்கரைக்குப் போய்விட்டார். அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே பத்து நிமிஷம் நின்றிருக்கிறான். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் கேமரா ஸ்டாண்டின் திருகில் கண்ணாடியை மாட்டிவிட்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்த அண்ணி சொன்ன முதல் வார்த்தை, "என் கண்ணாடிய யாரு கொண்டாந்து மாட்டினாங்கன்னு தெரியல, யாரோ புண்ணியவான்!"

புண்ணியவான் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணிக்கு ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே பாட்டு: "மூச்சை இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க." ஒரு சொடுக்கு. "மூச்சு விடலாம்." இந்த நாலு வாக்கியமும் நாக்கிலேயே தங்கிவிட்டன. பொங்க வரும் பாலைப் பார்த்து "அசையாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். நான் வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். தையல் மெஷினில் ஊசி மாட்டும்போது பின்னாலிருந்து "மூச்சு விடலாம்" என்று குரல் வரும். யாருக்குச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வேலையிலிருந்து விடுதலை. அன்றைக்குக் கடலுக்குள் நீண்டிருக்கும் பழைய கல் பாலத்தின் முனையில் போய் நின்றுகொண்டு, கரையைப் பார்த்துப் படம் எடுப்பார். கரையில் இருப்பது சுங்க மாளிகை. வளைவு வளைவாகப் பதினோரு வாசல், அதற்கு இரண்டு பக்கமும் சரக்குக் கிடங்குகள், ஓரத்தில் விளக்கில்லாத விளக்குக் கோபுரம். உப்புக்காற்று தின்று சுண்ணாம்புப் பூச்செல்லாம் பொருக்குப் பொருக்காக நிற்கும். கருப்பு வெள்ளை ஃபிலிம்தான். "கலர்ல எடுத்தா கட்டடம் அழகா இருக்கும். கருப்பு வெள்ளையிலதான் அதுக்கு எங்க வலிக்குதுன்னு தெரியும்" என்பார். எக்ஸ்ரேக்காரர் வேறு எப்படிப் பேசுவார்?

ஃபிலிமை வீட்டுக் குளியலறையிலேயே கழுவி, பிரிண்டும் போடுவார். ஜன்னலுக்குக் கருப்புத் துணி நான்தான் தைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குள் குளித்தவர்கள் குளித்தவர்கள். மற்றவர்கள் மருந்து வாசனையோடு திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

சுங்க மாளிகையைப் பராமரிக்கப் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்று உண்டு. அங்கே முன்பு இருந்த அதிகாரிக்கு அண்ணியின் படங்கள் பிடித்துப்போய், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படம் பொறுக்கி, காலண்டராக அச்சடித்தார். அண்ணி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எடுத்த தேதியும் நேரமும் இருக்க வேண்டும். "தேதி இல்லாத படம் என்ன படம்? எந்த டாக்டர் ஒத்துக்குவார்?"

அந்தக் காலண்டர் எங்கள் வீட்டு முன்னறையிலும் தொங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: என்ன ஒரு அமைதி, ஒரு ஈ காக்காய் இல்லையே! அண்ணிக்கு அதில் பெருமை. எனக்கும்தான்.

பழைய அதிகாரி மாற்றலாகிப் போனார். புது அதிகாரி வந்தார். இளவயசு, கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிறவர். சுவரில் தொங்கிய காலண்டரை அவர் புரட்டிப் பார்த்ததுதான் வினை.

அதற்கு அடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், மாளிகையின் காவல்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். வைத்தவர்கள் அலுவலகத்துக்காரர்கள். நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கக்கத்தில் அதே காலண்டர் சுருட்டி இருந்தது.

"அம்மா, நான் ஒரு வருஷமா வேலைக்கே வரலையாம்" என்றார்.

எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் காலண்டரைத் தரையில் விரித்து ஒவ்வொரு மாதமாகத் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு முப்பது, ஆறு நாற்பது, ஆறு முப்பத்தைந்து. பன்னிரண்டு படத்திலும் பெரிய வாசலுக்குப் பக்கத்தில் காவல்காரரின் மர நாற்காலி அச்சாகத் தெரிகிறது. பன்னிரண்டிலும் அது காலி. வாசலிலும் ஆள் இல்லை, பாலத்திலும் ஆள் இல்லை. ஆனால் வருகைப் பதிவில் அந்தப் பன்னிரண்டு நாளும் அதிகாலை ஐந்து மணி என்று போட்டு அவர் கையெழுத்து.

"பொய்க் கையெழுத்துன்னு எழுதியிருக்காரும்மா. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்க. பதினாலு வருஷம்மா. இந்த வயசுல வேற எங்க போய் நிப்பேன்?" அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். காவல்காரர் அங்கதான் இருந்தாருன்னு."

நான் பேனாவை எடுக்கவே எழுந்துவிட்டேன். அண்ணி அசையவில்லை. அவர் முகத்தையே பார்த்தார். ஏதோ மங்கலான எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது போல அப்படி ஒரு பார்வை.

"நான்... உங்கள அங்க பார்த்த ஞாபகம் இல்லையே" என்றார்.

காவல்காரர் சிரித்தார். அண்ணி விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். "உங்களுக்குத் தெரியாததாம்மா?" என்றார். அண்ணி மறுபடியும் அதே பார்வை பார்த்ததும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு, "வரேம்மா" என்று கிளம்பிப் போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏன் அண்ணி, ஒரு கையெழுத்துப் போட்டா கை தேய்ஞ்சிடுமா? வருஷம் பூரா அங்க போறீங்க. பனைமரம் மாதிரி ஒரு ஆள் நிக்கிறது தெரியாதா?"

"தெரியலடி."

"தெரிஞ்சதுன்னு எழுதுங்க!"

"காலு உடையாதவனுக்கு உடைஞ்சிருக்குன்னு எழுதச் சொல்றியா? பார்க்காதத எப்படிடி பார்த்தேன்னு எழுதறது?"

"அவர் பொய் சொல்றாரா அப்ப?"

"அதுவும் தெரியல" என்றார் அண்ணி. நிஜமாகவே தெரியாத முகம். அதைவிட மோசம், அன்றைக்கு நானே காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒருவேளை இந்த ஆள் வரவே இல்லையோ என்று நினைத்தேன். நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் பன்னிரண்டு படத்தை எதிரில் வைத்துக்கொண்டு வேறு என்னத்தை நினைக்க?

மறுநாள் காலையில் அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "ஒரு விஷயம் இருக்கு" என்றார். "என் படத்துல நடக்கிற ஆளு விழமாட்டாங்க."

"விழமாட்டாங்கன்னா?"

"லென்ஸ் மேல கருப்புக் கண்ணாடி ஒண்ணு மாட்டி, ஷட்டர நாலு நிமிஷம் திறந்து வெப்பேன். அப்பதான் அலையெல்லாம் ஓய்ஞ்சு பால் மாதிரி வரும். அந்த நாலு நிமிஷத்துல எது அசையாம இருக்கோ அதுதான் ஃபிலிம்ல படியும். நிக்கிற சைக்கிள்ல தூசி படியும். ஓடுற சைக்கிள்ல படியுமா?"

எனக்குப் பொறி தட்டியது. "அப்ப அவர் நடந்துக்கிட்டே இருந்தா?"

"சுத்தமா இருக்கமாட்டார்."

"உக்காந்து தூங்கியிருந்தா?"

"அச்சா விழுந்திருப்பார்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாற்காலியில் குறட்டை விட்டிருந்தால் பன்னிரண்டு மாதமும் காலண்டரில் ஜம்மென்று இருந்திருப்பார். ஒழுங்காக ரோந்து சுற்றியதால் மனிதர் காணாமல் போய்விட்டார்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் அண்ணி ஒரு முழுக் கொடிக்கம்பத்தைக் கடற்கரையில் மறைத்திருக்கிறார்.

புதன்கிழமை இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். அண்ணி விளக்கினார். அதிகாரிக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. "நம்பற மாதிரி இல்லையே" என்றார். உடனே அண்ணி அந்த நீண்ட வராந்தாவிலேயே ஸ்டாண்டை விரித்தார். "சார், நீங்க இங்கேருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடந்துக்கிட்டே இருங்க." அதிகாரி போனில் பேசியபடியே நாலு நிமிஷம் மேலும் கீழும் நடந்தார். அண்ணி கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் பிரிண்டைக் கொண்டுபோய் வைத்தோம். மேசை இருந்தது, ஃபைல் அடுக்கு இருந்தது, சுவரில் பல்லிகூட இருந்தது. அதிகாரி மட்டும் இல்லை.

"நேத்து நீங்க ஆபீசுக்கே வரல போலிருக்கே சார்" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

அவர் சிரித்துவிட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் படத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"சரிம்மா. அவர் இருந்தாலும் படத்துல விழுந்திருக்கமாட்டார், ஒத்துக்கறேன். ஆனா அவர் இல்லாம இருந்திருந்தாலும் இதே படம்தானே வந்திருக்கும்?"

அதுவும் சரியாகத்தானே இருக்கிறது!

"அந்த நேரத்துல அங்க இருந்த ஒரே ஆளு நீங்கதான். படத்த விடுங்க. நீங்க அவரப் பார்த்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேசைக்குக் கீழே அண்ணியின் காலை மிதித்தேன். அண்ணி என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"தெரியல சார்" என்றார்.

ராத்திரி அண்ணன்தான், "கண்ணால் காண்பதும் பொய்னு சொல்லுவாங்க. இவ கண்ணால காணவே இல்லையே, அதுக்கு என்ன பழமொழி?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கடல் ஞாபகம் இருக்கு. எந்த வாசல்ல எந்தப் பூச்சு எப்ப உதிர்ந்ததுன்னு ஞாபகம் இருக்கு. ஒரு ஆளு ஞாபகம் இல்ல. எனக்கு என்னமோ ஆகிடுச்சா?" என்று கேட்டார். எனக்கே குழப்பமாக இருந்தது. இவர் மேல் கோபப்படுவதா, பரிதாபப்படுவதா என்றுகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் அண்ணி லீவு போட்டுவிட்டுக் குளியலறையில் புகுந்துகொண்டார். பன்னிரண்டு படத்துக்கும் உரிய நெகட்டிவ்களை எடுத்து, அப்படியே முழுசாக ஒரு பிரதி போட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னார். எங்கேயாவது ஒரு புகைமூட்டம் போல, ஒரு நிமிஷம் நின்ற ஆளின் சாயல் இருக்காதா என்று. மூன்று மணிநேரம் சத்தமே இல்லை. எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து ஊறிக்கொண்டிருந்தது. பொறுமை போய்க் கதவைத் தட்டினேன்.

"ஒண்ணும் இல்லடி" என்று கதவைத் திறந்தார். "நாற்காலி, வாசல், தூண் எல்லாம் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துட்டேன். ஒரு புகைகூட இல்ல."

துணி காயப்போடும் கயிற்றில் பன்னிரண்டு படமும் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் சோப்பை எடுக்கக் கையை நீட்டினேன். தையற்காரிக்கு எதைப் பார்த்தாலும் முதலில் ஓரம்தான் கண்ணில் படும், மடிப்பு சரியாக இருக்கிறதா என்று. அந்தப் படங்களின் கீழ் ஓரத்தில், காலண்டரில் நான் பார்க்காத ஒன்று இருந்தது.

"அண்ணி, அடியில என்ன கருப்பா?"

"அதுவா, என் நிழல். சூரியன் எனக்குப் பின்னால கடல்லேருந்து வருதில்ல? பாலத்து மேல முன்னால நீளமா விழும். பிரிண்ட் போடும்போது அடியில ரெண்டு விரல் அளவு வெட்டிடுவேன். எடுக்கிறவ நிழல் படத்துல இருக்கக்கூடாது."

"ரெண்டா இருக்கே?"

"இன்னொண்ணு ஸ்டாண்டோடது."

"ஸ்டாண்டோடது இதோ, மூணு காலோட நடுவுல இருக்கு. நீங்க குட்டையா இந்தப் பக்கம். நான் கேக்கறது அந்தப் பக்கம் இருக்கிறது."

"அதுவும் ஸ்டாண்டோட நிழல்தான்."

"ஸ்டாண்டுக்கு ஏது அண்ணி தொப்பி?"

அண்ணி கையிலிருந்த பூதக்கண்ணாடி சோப்புத் தண்ணீரில் விழுந்தது. எடுத்துத் துடைத்து, படத்தின் மேல் வைத்து, குனிந்தார். நானும் தலையை நுழைத்தேன். எண்ணெய்த் தலை அவர் கன்னத்தில் ஒட்டியது. இருவரும் விலகவில்லை.

கல் பாலத்தின் மேல் நெடுநெடுவென்று ஒரு ஆள் நிழல். முன்பக்கம் நீட்டிய தொப்பி. இரண்டு கையையும் அகல விரித்து எதையோ பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் சட்டைக்கை தொங்குகிறது. கோட்டு! மழைக்கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, காற்று வரும் பக்கம் கேமராவை மறைத்து ஒரு மனிதர் நிற்கிறார். கோட்டின் ஓரம் மட்டும் படபடத்துக் கலங்கலாக இருந்தது. ஆள் அசையவே இல்லை. நாலு நிமிஷம் நின்றால்தானே இவ்வளவு அழுத்தமாக விழும்?

அடுத்த படத்தைப் பார்த்தோம். அதிலும். அதற்கடுத்ததில் வானம் மூட்டம், நிழலே இல்லை. அதற்கடுத்ததில் மறுபடி தொப்பி. ஏழு படத்தில் இருந்தார்.

அண்ணி ஈரக்கையோடு போய்த் தன் நோட்டை எடுத்து வந்தார். படம் எடுக்கும்போது தேதி, நேரம், வெளிச்சம், காற்று எல்லாம் குறித்துவைக்கிற நோட்டு. புரட்டினார். "காற்று பலம். ஸ்டாண்டு ஆடுகிறது. 6.38 காற்று நின்றது." இன்னொரு பக்கம். "பலத்த காற்று. 6.31 திடீரென நின்றது." இன்னொன்று. "நல்ல வேளை, காற்று நின்றது."

"காத்து நிக்கலடி" என்றார். கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அவர் நின்னிருக்கார். நான் காத்துக்கு நன்றி சொல்லியிருக்கேன். அந்த மனுஷன் வீடு தேடி வந்து கேட்டப்போ ஞாபகம் இல்லேன்னு சொன்னேனே!" சொல்லிவிட்டு அழுதார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம் என்று கேலி செய்ய வாயெடுத்தேன். வரவில்லை.

அப்படியே மாளிகைக்குப் போனோம். என் தலையில் எண்ணெய், அவர் கையில் மருந்து வாசனை. காவல்காரர் வேலை முடிந்து வாசல் சாவியை மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணி படத்தை நீட்டினார். அவர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, நான்தான்" என்றார், இதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி.

"ஏன் சொல்லல?" என்றேன் நான்.

"அம்மாவுக்குத் தெரியும்னு நினைச்சேன். தெரியலேன்னு சொன்னதும், நம்ம மேல என்ன கோவமோன்னு குழம்பிப் போயிட்டேன். அதிகாரிகிட்ட சொல்லலாம்னா, வேலை நேரத்துல கோட்டு புடிச்சு நின்னியான்னு அது வேற குத்தமாயிடும்."

"யாரு உங்கள நிக்கச் சொன்னது?" என்று அண்ணி கேட்டார்.

"நீங்கதானேம்மா!" காவல்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "முதல் நாளு ஸ்டாண்டு ஆடுதேன்னு பக்கத்துல வந்து கோட்ட விரிச்சேன். நீங்க உடனே, 'மூச்சை இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க'ன்னு சொன்னீங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, 'மூச்சு விடலாம்'னு சொன்னீங்க. போயிட்டேன். காத்தடிக்கிற ஞாயித்துக்கிழமை எல்லாம் அதேதான். அவ்வளவு நேரம் மூச்சப் புடிக்கத்தான் முடியாது, நடுவுல நைசா விட்டுக்குவேன். அதுல படம் கெட்டுச்சோ என்னமோ."

நான் அண்ணியைப் பார்த்தேன். கட்டடத்துக்குச் சொன்னதா, கடலுக்குச் சொன்னதா, யாருக்கும் சொல்லாமல் நாக்கு தானாகச் சொன்னதா, தெரியாது. ஆனால் உங்களுக்குச் சொல்லவில்லை என்று இந்த மனிதரிடம் சொல்லிவிடப்போகிறாரே என்று எனக்குப் பயம். பார்க்காததை எழுதமாட்டேன் என்று ஒரு வாரம் அடம்பிடித்தவர் ஆயிற்றே! இடுப்பில் கிள்ளத் தயாராக இருந்தேன்.

அண்ணி அவர் கையிலிருந்த படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "படம் கெடல. நல்லாவே நின்னீங்க" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு முழுப் படத்தையும் அதிகாரியின் மேசையில் பரப்பினோம். அவர் தேதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், நிழலின் தொப்பியைப் பார்த்தார். வெளியே நின்ற காவல்காரரைக் கூப்பிட்டுத் தொப்பியோடு ஜன்னல் பக்கம் நிற்கவைத்து ஒப்பிட்டார்.

"ஏழுலதான் இருக்கார். மீதி அஞ்சு?"

"அந்த அஞ்சுலயும் வானம் மூடியிருந்துச்சு சார். நிழலே விழல" என்றார் அண்ணி. "பாருங்க, அந்த அஞ்சுல நானும்தான் இல்ல. அப்ப படம் எடுத்தது யாரு?"

அதிகாரி அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். கடைசியில் பழைய கேள்வியையே மறுபடி கேட்டார். "நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கல சார்" என்றார் அண்ணி. "அது என் குத்தம். அவர் குத்தம் இல்ல. அவர் என் பக்கத்துல, கை தொடற தூரத்துல இருந்தார். நான் அத வெட்டிட்டுத்தான் உங்களுக்குக் காலண்டர் குடுத்தேன். எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன்."

எழுதிக்கொண்டார். அண்ணி கையெழுத்துப் போட்டார். காவல்காரரின் வேலை தப்பியது. ஆனால் அலுவலகம் அலுவலகமாயிற்றே, சும்மா விடுமா? இரண்டு நாள் கழித்து அவருக்கு ஒரு மெமோ வந்தது: பணி நேரத்தில் தனியாருக்குக் குடை பிடித்தல் கூடாது. அந்த மெமோவை அவர் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிச் சிரித்தார். கொடிக்கம்பம் அவ்வளவு சத்தமாகச் சிரிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியோடு பாலத்துக்குப் போனேன். நல்ல காற்று. முந்தானையைப் பிடிக்கவே ஒரு கை வேண்டியிருந்தது. அண்ணி ஸ்டாண்டை விரித்து, கருப்புக் கண்ணாடியை மாட்டி, கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தூரத்தில் நாற்காலிப் பக்கத்திலிருந்து காவல்காரர் நடந்து வந்தார். வந்து கோட்டைக் கழற்றினார்.

"மெமோ வந்திருக்கே!" என்றேன்.

"அது குடைக்குத்தாம்மா. இது கோட்டு" என்று விரித்துப் பிடித்தார்.

அண்ணி ஷட்டரைத் திறந்தார். "மூச்சை இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க" என்றார். சொல்லும்போது முதல்முறையாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்துச் சொன்னார். திருப்பியவர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். தொப்பிக்குக் கீழே காதோர நரை, கையில் நரம்பு, காற்றில் கண்ணோரம் கசிந்த நீர், முகவாயில் சவரக் கத்தி பட்ட கீறல். பதினாலு வருஷமாக அங்கே நிற்கிற ஆளை அண்ணி அப்போதுதான் பார்த்தார். கடிகாரம் கையில் இருந்தது, அதைப் பார்க்கவில்லை. நாலு நிமிஷம் தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆறு ஆயிற்று, ஏழு ஆயிற்று. சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குக் குழப்பம். ஃபிலிம் பாழாகிறது. சொல்ல மனசு வரவில்லை.

பத்தாவது நிமிஷமோ என்னவோ, விரித்த கோட்டு ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்தது. காவல்காரர் முகத்தைத் திருப்பாமல், உதடும் அதிகம் அசையாமல், மெதுவாகக் கேட்டார்.

"அம்மா... மூச்சு விடலாமா?"